மனித உணர்ச்சிகளைக் கிறிஸ்தவ நோக்கில் புரிந்துகொள்ளுதல்: சங்கீதங்களின் வழியே ஒரு முழுமையான வழிகாட்டி

துக்க வீட்டில் அழுதுகொண்டிருப்பவரிடம் "அழாதீங்க, எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று சொல்வது நம் சபைகளில் ஊறிப்போன பழக்கம். ஆறுதல் சொல்ல வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அது சொல்லப்படுகிறது. ஆனால் கேட்பவருக்கோ, தன் கண்ணீர் தன் விசுவாசக் குறைவைக் காட்டிக்கொடுத்துவிட்டதோ என்ற கலக்கமே மிஞ்சுகிறது. கோபம் வந்தால் ஆவியின் கனி இல்லை, பயம் வந்தால் விசுவாசம் இல்லை, சோர்வு வந்தால் ஜெபம் போதவில்லை என்று ஒவ்வோர் உணர்ச்சிக்கும் ஒரு குற்றச்சாட்டு ஆயத்தமாக இருக்கும் சூழலில் வளர்ந்த விசுவாசி, காலப்போக்கில் மனிதரிடம் மட்டுமல்ல, தேவனிடமும் தன் உள்ளத்தை மறைக்கப் பழகிவிடுகிறார். உணர்ச்சியைத் திருத்துவதற்கு முன் அதை இருக்கிறபடியே தேவனிடம் கொண்டுபோக வேண்டும் என்பதே வேதம் காட்டும் வரிசை. அந்த வரிசையை, வேதத்தின் ஜெபப் பாடல்களாகிய சங்கீதங்களின் துணையோடு படிப்படியாகப் பின்பற்ற விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

தொடங்குமுன்: இயேசுவின் உணர்ச்சிகள்

பெத்தானியாவில் லாசருவின் கல்லறையருகே இயேசு கண்ணீர் விட்டார் என்பதை எல்லாரும் அறிவோம். அதே யோவான் 11ஆம் அதிகாரத்தில் அதற்கு முன்னதாகவே, லாசருவை எழுப்பப் போகிறேன் என்று அவர் சீஷர்களிடம் சொல்லிவிட்டார் என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. சில நிமிடங்களில் அந்த மரணம் தோற்கடிக்கப்படும் என்று அறிந்திருந்தவர், மரியாளும் உடன் வந்தவர்களும் அழுவதைக் கண்டு ஆவியிலே கலங்கி அழுதார். ஆகவே, உயிர்த்தெழுதலை நம்புகிறவர் அழக்கூடாது என்ற வாதம் அந்தக் கல்லறை வாசலிலேயே தோற்றுவிடுகிறது. பவுலும் தெசலோனிக்கேயரிடம் துக்கப்படவே வேண்டாம் என்று எழுதவில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்பட வேண்டாம் என்றுதான் எழுதினார்.

ஓய்வுநாளில் சூம்பின கையையுடைய மனிதனைக் குணமாக்குவதா என்று குற்றம் பிடிக்கக் காத்திருந்தவர்களை இயேசு கோபத்துடனே சுற்றிலும் பார்த்தார் என்றும், அவர்களுடைய இருதயகடினத்தினிமித்தம் விசனப்பட்டார் என்றும் மாற்கு 3:5 சொல்கிறது. கோபமும் துயரமும் ஒரே பார்வையில் இருந்தன. கெத்செமனேயில் "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று மூன்று சீஷர்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். லூக்கா 10:21இல் ஆவியிலே களிகூர்ந்தார். பாவமில்லாதவருக்கு இவையெல்லாம் இருந்தன என்றால், உணர்ச்சி எழுவதே பாவம் என்று சொல்ல நமக்கு இடமில்லை.

உணர்ச்சிகளால் அசைக்கப்படாதவனே ஞானி என்ற ஸ்தோயிக்கரின் (பண்டைய கிரேக்கத் தத்துவப் பள்ளியினரின்) போதனையை எதிர்கொண்ட ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைத் தெளிவாக எழுதினார். பக்தியுள்ளவன் கோபப்படுகிறானா என்பதல்ல, எதற்காகக் கோபப்படுகிறான் என்பதும், துக்கப்படுகிறானா என்பதல்ல, எதைக்குறித்துத் துக்கப்படுகிறான் என்பதுமே கேள்வி என்றார் அவர். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

முதல் படி: சரீரத்தைக் கவனியுங்கள்

ஆவிக்குரிய ஆராய்ச்சியில் இறங்குமுன், நீங்கள் கடைசியாக எப்போது சரியாகத் தூங்கினீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்று பாருங்கள். இதை அற்பமாக எண்ண வேண்டாம். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் தன்னைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்குத் தப்பி ஓடிய எலியா, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சொல்லி, தான் சாகவேண்டும் என்று கோரினான். கர்மேல் பர்வதத்தில் அக்கினியை இறக்கக் கண்ட அதே தீர்க்கதரிசி அவன். தேவன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அவன் தூங்கினான், தூதன் தட்டி எழுப்பினான், தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன, சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான், இரண்டாம் தரமும் தூதன் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், பிரயாணம் வெகுதூரம் என்றான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி, அவன் நாற்பது நாள் நடந்து ஓரேபுக்கு வந்தபிறகே கேட்கப்பட்டது.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் துயரத்திற்கான நிவாரணங்களைப் பட்டியலிட்டபோது, இன்பம், கண்ணீர், நண்பர்களின் பரிவு, சத்தியத்தைத் தியானித்தல் ஆகியவற்றோடு தூக்கத்தையும் குளியலையும் சேர்த்தார். இறையியலாளர் ஒருவர் குளியலைப் பற்றி எழுதியது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மனிதன் மண்ணினாலே உருவாக்கப்பட்டவன் என்று நம்புகிறவர்களுக்கு அதில் வியப்பில்லை.

இரண்டாம் படி: உணர்ச்சிக்கு அதன் உண்மைப் பெயரைச் சொல்லுங்கள்

தேவன் தம்முடைய மக்களின் உணர்ச்சிகளைக் கையாளும் விதத்தில் ஒரு வழக்கம் தெரிகிறது: அவர் கேட்கிறார். தன் தம்பி ஆபேலின்மேல் எரிச்சல்கொண்ட காயீனிடம், "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று? உன் முகநாடி ஏன் வேறுபட்டது?" என்று கேட்டார். நினிவே நகரம் அழிக்கப்படாமல் தப்பியதற்காகக் கோபங்கொண்ட யோனாவிடம், நீ எரிச்சலாயிருப்பது நல்லதோ என்று இரண்டு முறை கேட்டார். அவருக்குத் தெரியாததால் கேட்கவில்லை. கேட்கப்படுகிறவன் தன்னைத்தான் காண வேண்டும் என்பதற்காகவே கேட்டார். காயீன் பதில் சொல்லவில்லை, வயல்வெளிக்குப் போனான். யோனாவோ, மரணபரியந்தம் எரிச்சலாயிருப்பது நல்லதுதான் என்று முகத்துக்கு நேரே சொன்னான். அது நல்ல பதில் அல்ல. ஆயினும் பதில் சொன்னவனோடு தேவன் பேச்சைத் தொடர்ந்தார் என்பதை அந்தப் புத்தகத்தின் கடைசி வசனம் காட்டுகிறது.

ஓர் எடுத்துக்காட்டை அருகிலிருந்து பார்ப்போம். ஞாயிறு ஆராதனையில் ஒரு சகோதரி சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறார். தன் மகளுக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்கிறார். சபையார் "அல்லேலூயா" என்கிறார்கள். மூன்று வரிசை பின்னால், மகன் இரண்டாம் முறையும் நீட் தேர்வில் தவறிய ஒரு தாய், கைதட்டிக்கொண்டே பாட்டுப்புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொள்கிறார். வீட்டுக்குப் போனதும் பாத்திரங்கள் சத்தமாக வைக்கப்படுகின்றன. கணவர் கேட்டால், "தலைவலி" என்ற பதில் வருகிறது. ஜெபத்தில் அவர் சொல்வதோ "சமாதானம் தாரும்" என்பது மட்டுமே. "பாரமாக இருக்கிறது", "மனசு சரியில்லை" போன்ற பொதுவான சொற்களை நாம் ஜெபத்தில் அதிகம் பயன்படுத்துவதன் காரணம், குறிப்பான சொல் நம்மை வெட்கப்படுத்தும் என்பதே. அந்தத் தாய் சொல்லவேண்டிய சொல் "பொறாமை".

ஆசாப் அதைச் சொன்னார். துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு, வீம்புக்காரர்மேல் பொறாமை கொண்டேன் என்று 73ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்திலேயே அறிக்கையிட்டார். அவர் ஆராதனைப் பாடகர் குழுவின் தலைவர்களில் ஒருவர். அவருடைய பொறாமை தேவாலயத்தில் பாடப்படும் பாட்டாகவே ஆயிற்று. ஆகவே ஒரு தாளை எடுத்து, இன்று என்னிடம் எழுந்த உணர்ச்சி எது, எந்த நேரத்தில், யாருடைய எந்தச் சொல்லுக்குப் பிறகு எழுந்தது என்று ஒன்றிரண்டு வரிகளில் எழுதுங்கள். பக்திச் சொற்களைத் தவிர்த்து எழுதுங்கள்.

மூன்றாம் படி: அதன் அடியில் எது இருக்கிறது என்று கேளுங்கள்

"என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்?" என்ற வரி 42, 43ஆம் சங்கீதங்களில் மூன்று முறை வருகிறது. ஒரு முறை கேட்டதும் பதில் வந்துவிடவில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது.

நாம் எதை நேசிக்கிறோமோ அதற்கேற்பவே நம் உணர்ச்சிகள் எழுகின்றன என்பது அகுஸ்தீன் விட்டுச்சென்ற முக்கியமான பாடம். நேசிப்பது கிடைக்காதபோது ஏக்கம், கிடைத்தபோது மகிழ்ச்சி, பறிபோகுமோ என்றால் பயம், பறிபோனால் துக்கம். ஆகவே உணர்ச்சியை அதட்டி அடக்குவதைவிட, அது எந்த நேசத்திற்குச் சாட்சி சொல்கிறது என்று விசாரிப்பது பயனுள்ளது. மேற்சொன்ன தாயின் பொறாமைக்கு அடியில் மகனைக்குறித்த துக்கம் இருக்கலாம். அது நல்ல நேசத்திலிருந்து பிறந்தது. உறவினர் என்ன சொல்வார்களோ என்ற பயமும் இருக்கலாம்; அது வேறு ஒன்றை நேசிப்பதிலிருந்து வருகிறது. இன்னும் அடியில், "நானும் உபவாசம் இருந்தேனே, எனக்கு ஏன் செய்யவில்லை?" என்ற, தேவன்மேலுள்ள கோபம் இருக்கலாம். இந்த மூன்றையும் பிரிக்காமல், "பொறாமைப்படுவது பாவம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், பொறாமையும் போகாது, துக்கமும் ஆறாது, தேவன்மேலுள்ள கோபம் மட்டும் பேசப்படாமல் உள்ளேயே தங்கிவிடும்.

நான்காம் படி: தேவ சமுகத்தில் ஊற்றிவிடுங்கள்

இந்தப் படியே இவற்றில் மிக முக்கியமானது. நம் சபைகளில் மிகவும் கைவிடப்பட்டிருப்பதும் இதுவே. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். நம் பாடல் ஆராதனையிலோ புலம்பலுக்கு அநேகமாக இடமே இல்லை. ஸ்தோத்திரத்தில் தொடங்கி ஸ்தோத்திரத்தில் முடிகிறோம். வேதம் தன் ஜெபப் புத்தகத்தில் இத்தனை இடத்தைக் கண்ணீருக்குக் கொடுத்திருக்க, நாம் அதைத் தவிர்ப்பது பக்தியல்ல என்றே நான் கருதுகிறேன்.

புலம்பல் எப்படி நடக்கிறது என்பதை 13ஆம் சங்கீதத்தில் காணலாம். ஆறே வசனங்கள்தான். முதல் இரண்டு வசனங்கள் முறையீடு: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கி நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கின்றன. இரண்டு தேவனைக்குறித்த குறை, ஒன்று தன் உள்ளத்தின் சஞ்சலம், ஒன்று சத்துருவின் மேட்டிமை என்று கேள்வி எல்லாப் பக்கமும் திரும்புகிறது. அடுத்த இரண்டு வசனங்களில் குறிப்பான வேண்டுதல் வருகிறது: என்னை நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். அதன் பின்பே, "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்ற வரி வருகிறது. அந்த நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் நான்கு வசனங்களைத் தாண்டிவிட நாம் ஆசைப்படுகிறோம். ஆனால் அந்தச் சங்கீதத்தைப் பாடிய தாவீது ஐந்தாம் வசனத்திற்கு முதல் நான்கின் வழியாகவே வந்தார்.

இதே வடிவத்தில் நீங்களும் எழுதலாம். அந்தத் தாய் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "கர்த்தாவே, எதுவரைக்கும் மற்றவர்களின் சாட்சிக்கே நான் கைதட்டிக்கொண்டிருப்பேன்? என் மகன் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறானே, அதை நீர் பார்க்கவில்லையா? அந்தச் சகோதரியின் சந்தோஷம் எனக்குக் கசக்கிறது. அதைச் சொல்லவே எனக்கு வெட்கமாயிருக்கிறது. என் மகனைத் தாங்கும். அவனிடம் கடுமையாகப் பேசாதபடி என் வாயைக் காத்துக்கொள்ளும். உம்முடைய கிருபை எனக்கும் உண்டு என்று நான் நம்புகிறேன். நம்ப முடியாத நேரத்திலும் உம்மிடமே வருகிறேன்." இதில் பொறாமை மறைக்கப்படவில்லை, அதேசமயம் அந்தச் சகோதரியைத் தூற்றுவதற்கும் அது பயன்படுத்தப்படவில்லை. முறுமுறுப்புக்கும் புலம்பலுக்கும் உள்ள வேறுபாடு அதுவே. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவனைப்பற்றி ஒருவரோடொருவர் பேசினார்கள். தாவீது தேவனிடமே பேசினார்.

சீலோவில் பிள்ளையில்லாத அன்னாள் ஒரு மகனைக் கேட்டு உதடுகள் மட்டும் அசைய ஜெபித்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்தான். தான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ என்றும், கர்த்தருடைய சந்நிதியில் தன் இருதயத்தை ஊற்றிவிட்டதாகவும் அவள் பதில் சொன்னாள். அதன்பின் அவள் போஜனஞ்செய்தாள், அவள் துக்கமுகமாயிருக்கவில்லை. அவள் கேட்ட மகன் சாமுவேல் அப்போது பிறக்கவில்லை, கர்ப்பத்தில்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எல்லாப் புலம்பலும் இப்படி வெளிச்சத்தில் முடிவதில்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. அதுவும் வேதத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஜெபம் இன்று அங்கேயே நின்றால், கடைசியில் ஒரு ஸ்தோத்திரத்தை வலிந்து ஒட்டவேண்டிய அவசியமில்லை.

ஐந்தாம் படி: சோதித்துப் பாருங்கள்

ஊற்றிவிட்ட பிறகே சோதிக்க வேண்டும். உணர்ச்சி பாவமல்ல என்பதால் அது சொல்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. யோனாவின் எரிச்சல் உண்மையானது. ஆனாலும் அது தவறானது.

கோபத்தைச் சோதிக்க நெகேமியா 5ஆம் அதிகாரம் ஒரு நல்ல அளவுகோல். ஏழை யூதர்கள் தங்கள் நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் அடகு வைத்து, பிள்ளைகளையும் அடிமைகளாக்கும் நிலைக்கு வந்து கூக்குரலிட்டபோது, யூதேயாவின் அதிபதியாயிருந்த நெகேமியா மிகவும் கோபங்கொண்டார். ஆனால் உடனே வாய் திறக்கவில்லை. தன் மனதிலே ஆலோசனை பண்ணினார். பிறகு வட்டி வாங்கிய பிரபுக்களையும் அதிகாரிகளையும் நேருக்கு நேர் கடிந்துகொண்டார், சபை கூட்டினார், நிலங்களையும், நூற்றுக்கு ஒன்று வீதம் வாங்கியதையும் திருப்பிக்கொடுக்கச் செய்தார், தாமும் அதிபதிக்குரிய படியை வாங்காமல் விட்டார். அவருடைய கோபம் பிறருக்கு நேர்ந்த அநியாயத்தைக்குறித்தது, யோசனையின் வழியாக வந்தது, சீர்செய்தலில் முடிந்தது. உங்கள் கோபத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நம்முடைய மரியாதை குறைந்ததற்கே நாம் கோபப்படுகிறோம் என்பது தெரியவரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணியக்கடவது என்ற எபேசியர் 4:26ஐக் காட்டி, அடிபட்ட மனைவியை அதே இரவில் சமாதானமாகும்படி வற்புறுத்துவது வேதத்தைத் தவறாகக் கையாளுவதாகும். பழிவாங்கும் எரிச்சலை விடுவது ஒன்று. ஆபத்துள்ள வீட்டிற்குத் திரும்புவது வேறொன்று. தன்னையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்ள 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைப்பது மன்னிப்புக்கு விரோதமல்ல.

குற்ற உணர்ச்சியைச் சோதிக்க 2 கொரிந்தியர் 7:10 போதும். தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலுக்கு நடத்துகிறது, லௌகிக துக்கம் மரணத்தை உண்டாக்குகிறது. ஒரே இரவில் பேதுருவும் யூதாசும் தங்கள் ஆண்டவருக்குத் துரோகம் செய்தார்கள். இருவரும் மனம் நொந்தார்கள். யூதாஸ் தன் பாவத்தை அறிக்கையிட்டது பிரதான ஆசாரியரிடத்தில். அவர்கள் "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று கைவிட்டார்கள். மனங்கசந்து அழுத பேதுருவோ மற்ற சீஷர்களோடு இருந்தான், இயேசு அவனைச் சந்தித்தார். நீங்கள் செய்த காரியம் எது என்று குறிப்பாகச் சுட்டி, ஈடுசெய்ய வழிகாட்டும் துக்கத்திற்குச் செவிகொடுங்கள். "நீ எதற்கும் உதவாதவன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டேயிருப்பது தேவனுடைய சத்தமல்ல.

கவலையைக்குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள் என்று சிறையிலிருந்து எழுதிய பவுல், எல்லாச் சபைகளையும்குறித்த கவலை தன்னை நாள்தோறும் நெருக்குவதாகவும் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டளை கவலையறியாத ஒருவரிடமிருந்து வந்ததல்ல.

ஆறாம் படி: இருளில் தீர்மானம் எடுக்காதீர்கள்

1521இல் பம்ப்லோனா போரில் காலில் குண்டடிபட்டுப் படுத்திருந்த ஸ்பானிய வீரரும் பின்னாளில் இயேசு சபை என்ற துறவற சபையை நிறுவியவருமான லொயோலா இஞ்ஞாசியார், வீரக்கனவுகள் கண்ட நேரம் இனிமையாக இருந்து பிறகு மனம் வறண்டுபோவதையும், புனிதர்களைப்போல வாழ நினைத்த நேரம் கடந்த பிறகும் மகிழ்ச்சி தங்குவதையும் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து அவர் வகுத்த விதிகளில் ஒன்று, ஆறுதலற்ற வேளையில் முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றக்கூடாது என்பது. ஊழியத்தை விடுவது, வேலையை ராஜினாமா செய்வது, சபையை மாற்றுவது, நீண்ட நட்பை முறிப்பது ஆகியவற்றை, மனம் தெளிந்திருக்கும் ஒரு காலையில் மறுபடி எடுத்துப் பாருங்கள். ஆபத்திலிருந்து விலகுவது இந்த விதிக்கு உட்பட்டதல்ல.

ஏழாம் படி: ஒருவரிடமாவது சொல்லுங்கள், ஒருவருக்காவது செவிகொடுங்கள்

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடுகூடத் தரையிலே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்லது அதுவே. பேசத் தொடங்கியபின் காரணம் தேடினார்கள். முடிவில் தேவனே அவர்களைக் கடிந்துகொண்டார். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போன்றவன் என்று நீதிமொழிகள் 25:20 சொல்கிறது. துக்க வீட்டில் உற்சாகப் பாடலைத் தொடங்குமுன் நாம் இந்த வசனத்தை நினைவுகூர வேண்டும். ரோமர் 12:15 அழுகிறவர்களுடனே அழச் சொல்கிறது. அவர்களுக்கு விளக்கம் சொல்லச் சொல்லவில்லை. யாராவது உங்களிடம் மனம் திறந்தால், "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?" என்று கேட்டு, முடிக்கும்வரை காத்திருந்து, கேட்டதை ஜெபக் குறிப்பாக்கி வாட்ஸ்அப் குழுவில் போடாமல் இருப்பது பெரிய ஊழியம்.

மருத்துவ உதவி எப்போது?

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமில்லாமை, விளங்காத அழுகை ஆகியவை இரண்டு வாரத்திற்கு மேல் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். எலியா சாகக் கேட்டபோது தேவன் அவனை விசுவாசமற்றவன் என்று தள்ளவில்லை. ஆகாரத்தோடு ஒரு தூதனை அனுப்பினார். நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவரை ஜெபக்குறைவுள்ளவர் என்று யாரும் சொல்வதில்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவரையும் அப்படிச் சொல்லக்கூடாது.

எங்கிருந்து தொடங்குவது?

பயத்தில் இருப்பவர்கள் 27, 56ஆம் சங்கீதங்களிலும், பொறாமையோடு போராடுகிறவர்கள் 37, 73ஆம் சங்கீதங்களிலும், குற்ற உணர்ச்சியில் இருப்பவர்கள் 32, 51ஆம் சங்கீதங்களிலும் தொடங்கலாம். கைவிடப்பட்டதாக உணர்பவர்களுக்கு 13, 22, 88 உண்டு. முதிர்வயதில் தள்ளிவிடப்படுவோமோ என்ற அச்சத்திற்கு 71 உண்டு. அநியாயம் செய்தவர்மேல் கொதிப்பு அடங்காதவர்கள் 109ஐயும் வாசிக்கலாம். அதன் கடுமையான சொற்கள் அந்த மனிதனிடம் அல்ல, தேவனிடம் சொல்லப்படுகின்றன என்பதை மனதில் வைத்து வாசிக்க வேண்டும். நன்றியால் நிறைந்திருக்கும் நாளில் 103ஐயும் 126ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். மகிழ்ச்சியும் ஓர் உணர்ச்சியே, அதையும் தேவனிடம் கொண்டுபோகாமல் விட்டுவிடுகிறோம். ஒரு வாரத்திற்கு ஒரே சங்கீதம் போதும். வாய்விட்டு வாசியுங்கள், உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் வசனத்தில் நின்று, அந்த இடத்தில் உங்களுக்கு நேர்ந்ததை உங்கள் சொந்தப் பேச்சுத்தமிழிலேயே சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திற்குச் செல்லுங்கள்.